தரகுப் பணம் எப்போது உரியதாகிறது?
திருகோணமலைக் காணித் தரகர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலைப் பட்டணத்திலும், உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிக் கரையோரங்களிலும், சீனக்குடா, கப்பல்துறை, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளிலும் காணித் தரகை ஜீவனோபாயமாகக் கொண்டிருக்கும் அன்பர்களே,

முதலீட்டாளர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் காணிச் சொந்தக்காரரின் முன் கொண்டுவந்து நிறுத்திய தரகருக்கு, காரியம் கைகூடிய பிறகு, பேசிய பணம் கிடைக்கவில்லை என்னும் முறைப்பாடு நமது துறைமுக நகரத்தில் இப்போது சர்வ சாதாரணமாகிவிட்டது. உறுதியில் கையெழுத்திடுகிற நாளன்று நொத்தாரிசின் வாசலில் ஆரம்பிக்கும் வாக்குவாதம், அங்கிருந்து பொலிஸ் நிலையத்துக்கும், பொலிஸ் நிலையத்திலிருந்து இணக்க சபைக்கும், சில சமயங்களில் மாவட்ட நீதிமன்றத்துக்கும் நடந்து, பல வருஷ சிநேகத்தையும் சில குடும்பங்களின் உறவையும் வழியிலே பலிகொடுத்துவிட்டு, ஈற்றில் எவருக்கும் திருப்தியில்லாமல் ஓய்கிறது. உறுதி எழுதும் தொழிலில் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையிலே இவ்விவகாரங்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். உங்களிற் பலர் ஏமாற்றப்படுகிறீர்கள். உங்களிற் சிலர் ஏமாற்றவும் செய்கிறீர்கள். ஆயினும் பெரும்பான்மையான சச்சரவுகளுக்கு மூலகாரணம் இவ்விரண்டுமன்று. எந்தக் காரியம் நிறைவேறினால் யார், யாருக்கு, எவ்வளவு கொடுப்பது என்பதை முதல் நாளிலேயே எழுதிக்கொள்ளாமைதான் என்பது என் அபிப்பிராயம். அதைப் பற்றியே இம்மடல்.

தரகன் வாயாலே பிழைப்பவன், வியர்வை சிந்தாமல் காசு பார்ப்பவன் என்று ஊரார் சொல்லும் பழிச்சொல்லை நான் ஒப்புக்கொள்வதில்லை. வேறு மாவட்டங்களில் எப்படியோ, இங்கே ஒரு காணியை வில்லங்கமின்றிக் கைமாறும் நிலைக்குக் கொண்டுவருவது சாமானியமான காரியமன்று. 1983க்கும் 2009க்கும் இடைப்பட்ட காலத்தில் இடம்பெயர்ந்த சொந்தக்காரர் டொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார்; தாய் உறுதி வீட்டோடு எரிந்திருக்கும்; காணியில் வேறொரு குடும்பம் குடியிருந்து பிள்ளை பெற்றுப் பேரனும் கண்டிருக்கும். பத்து வருஷம் தடையின்றி எதிருரிமையோடு ஆண்டவருக்கு உரித்துண்டு என்கிற 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டமும், யுத்தத்தால் தம் நிலத்தை ஆள முடியாமற் போனவர்களுக்கு அக்காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கி நிவாரணந் தேட அவகாசமளித்த 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் ஒரே வேலியின் இரு பக்கத்திலும் நின்று வாதாடியதை நாம் கண்டோம். அயலிலிருக்கும் அழகான நிலமோ 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வழங்கப்பட்ட பெர்மிட் காணியாயிருக்கும். அதைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி எவரும் விற்கவியலாது. கரையோரக் காணியென்றால் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம் குறுக்கே நிற்கும். அதற்கு அப்பால் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல். அதற்கும் அப்பால் தொல்பொருளின் எல்லைக்கல். இவற்றையெல்லாம் காணிப் பதிவகத்திலும் கச்சேரியிலும் நில அளவையாளரிடத்திலும் அலைந்து திரிந்து தெளிவுபடுத்தி, இது வாங்கத்தக்க காணி, இது தொடத்தகாத காணி என்று வெளியூரிலிருந்து வரும் மனிதருக்குப் பிரித்துக் காட்டும் தரகர் செய்வது மெய்யான சேவை. அதற்குப் பிரதிபலன் கேட்க அவருக்குப் பூரண உரிமையுண்டு.

இந்தப் பிரதிபலனில் ஆசை மூட்டும் காலமும் இதுவே. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் 99இல் 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், எஞ்சிய 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பெனிக்கும் என்று 2022 ஜனவரியில் உடன்படிக்கையாயிற்று. 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதென்று இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்று அரசுகளும் புரிந்துணர்வு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. அரசுக்கும் அரசுக்கும் நடக்கும் இவ்வொப்பந்தங்களில் நமக்குத் தரகு இல்லை. ஆனால் அவற்றைப் பற்றிய செய்தி பத்திரிகையில் வந்த மறுவாரமே உட்துறைமுக வீதியிலும் நிலாவெளி வீதியிலும் பேர்ச்சின் விலையைப் பற்றிய பேச்சு ஏறிவிடுகிறது. கொழும்பிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் அது உடனே பெரிய முதலீட்டாளராகிவிடுகிறது. பேச்சுக்கு விலை ஏறுகிற ஊரிலே பேச்சை மாத்திரம் நம்பிக் காரியத்தில் இறங்குவது அபாயம். 2006இல் துரத்தப்பட்ட சம்பூர் மக்களின் 818 ஏக்கர் ஒரு காலத்தில் முதலீட்டு வலயமென்று வர்த்தமானியிலே அறிவிக்கப்பட்டு, 2015இல் அவ்வறிவித்தல் இரத்தான பிறகே மக்கள் திரும்பிப் போனார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. முதலீடு என்ற சொல்லுக்கு அப்பகுதியில் கண்ணீரின் ஞாபகமும் உண்டு. அங்கே முதலீட்டாளரை அழைத்துச் செல்லும் தரகர் இரட்டிப்பு நிதானத்தோடு நடக்கவேண்டும்.

இனி, சட்டம் உங்களைப் பற்றி என்ன சொல்கிறதென்பதைப் பார்ப்போம். ஏனெனில் உங்களிற் பெரும்பாலோர் நம்பியிருப்பதற்கு நேர்மாறாக அது சொல்கிறது. காணியின் உரித்தைப் பற்றிய பிரச்சினைகளுக்குப் பெரும்பாலும் ரோமன் டச்சுச் சட்டம் பிரமாணமாயிருக்க, தரகரின் கூலியைப் பற்றிய பிரச்சினையோ வேறு வழியிற் போகிறது. முதல்வருக்கும் முகவருக்கும் இடையில் எழும் விவகாரங்களில், இந்நாட்டுச் சட்டவிதி வேறுவிதமாகச் சொல்லாதவரையில், இங்கிலாந்தில் நடைமுறையிலுள்ள சட்டமே இங்கும் செல்லும் என்று 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளை விதித்தது. ஆகையினால் உவர்மலைக் காணியொன்றின் கொமிஷன் தகராறு, பிரபுக்கள் சபை எட்டு தசாப்தங்களுக்கு முன் அளித்த தீர்ப்பொன்றினாலே நிர்ணயிக்கப்படக்கூடும்.

அத்தீர்ப்பு, லக்ஸர் கம்பெனிக்கும் கூப்பர் என்பாருக்கும் நடந்த வழக்கில், 1941 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வெளியாயிற்று. ஈஸ்ட்போர்ன், ஹேஸ்டிங்ஸ் ஆகிய கடற்கரைப் பட்டணங்களின் பெயரைத் தாங்கிய சினிமாக் கம்பெனிகள், தங்கள் கொட்டகைகளை 1,85,000 பவுணுக்குக் குறையாமல் வாங்குபவரைக் கொண்டுவந்தால், விற்பனை பூர்த்தியானதும் 10,000 பவுண் தருவதாக வாக்களித்தன. தரகர் ஆளைக் கொண்டுவந்தார். வந்தவர் ஆயத்தமாகவும் இருந்தார். ஆனால் சொந்தக்காரர்கள் அவருக்கு விற்கவில்லை. காரணமின்றி மறுத்தது துரோகமல்லவா, எனக்குச் சேரவேண்டியதை எனக்குச் சேராமற் செய்தது ஒப்பந்த மீறலல்லவா என்பது தரகரின் வாதம். பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. விற்பனை பூர்த்தியானால் கூலி என்று பேசியிருக்கிறீர்கள், விற்பனை பூர்த்தியாகவில்லை, ஆதலாற் கூலியில்லை. சொந்தக்காரர் கடைசி நிமிஷம் வரை மனம் மாறுவதற்குச் சுதந்திரமுடையவர். அந்தச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை எழுத்திலில்லாதபோது நீதிமன்றம் தானாக அதைக் கற்பித்துக்கொள்ளாது என்றார்கள். அந்தச் சபையில் வீற்றிருந்த ரஸல் பிரபு, எட்டு ஒன்பது நாள் வேலைக்கு இங்கிலாந்தின் சான்ஸலர் பிரபு ஒரு வருஷத்திற் பெறும் சம்பளத்துக்கு ஒப்பான தொகையைக் கேட்கும் தரகர், அது கைக்கு வராமற் போகக்கூடிய ஆபத்தையும் சுமக்கத்தான் வேண்டும் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். கடுமையான தீர்ப்புத்தான், ஆனால் தரகுத் தொழிலின் பொருளாதாரத்தை அதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டிய வாசகத்தை நான் கண்டதில்லை. 10 கோடி ரூபாக் காணிக்கு நூற்றுக்கு மூன்று வீதம் 30 இலட்சம் பெறுகிறவர், பத்துக் காரியத்தில் ஒன்பது கலைந்துபோகும் என்பதற்காகவே அவ்வளவு பெறுகிறார்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் எழுத்தைப் பற்றியது. ஆளை அறிமுகப்படுத்தினால் ஒரு தொகை, அட்வான்ஸ் கைமாறினால் ஒரு தொகை, உறுதி முடிந்தால் மீதி என்று எழுதிக்கொண்டிருந்தால் கூப்பரின் கதி உங்களுக்கு நேராது. ஆனால் அட்வான்ஸ் என்றதும் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடைச் சட்டத்தின்படி, காணியை விற்பதற்கான உறுதி மாத்திரமன்றி, விற்பதாகக் கொடுக்கும் வாக்குறுதியும் நொத்தாரிசின் முன் எழுதப்படாவிட்டால் வலுவற்றது. தேநீர்க் கடையில் முத்திரை ஒட்டி எழுதிய பற்றுச்சீட்டைக் காட்டி, காணி முடிந்துவிட்டது, என் பணத்தைத் தாருங்கள் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! அந்தத் துண்டுக் கடதாசி சொந்தக்காரரையும் வாங்குபவரையும் விற்பனைக்குக் கட்டாது. கட்டாத ஒன்றை முடிந்த காரியமென்று நம்பி ஏமாந்தவர் அநேகர். உங்களுக்கும் சொந்தக்காரருக்கும் இடையிலான தரகு உடன்படிக்கையோ காணியைக் கைமாற்றுவதன்று. ஆதலால் அதற்குச் சாதாரணத் தாளில் இருவரும் இடும் கையெழுத்தே போதும். அதுவுமில்லாவிட்டால், 2006 ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல் வாங்கற் சட்டம் இருப்பதால், சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய 'ஆம், நூற்றுக்கு மூன்று, உறுதியன்று தருவேன்' என்ற ஒற்றை வரியும் சாட்சியத்துக்கு உதவும். கையெழுத்துக் கேட்டால் மனிதர் கோபித்துக்கொள்வாரே என்ற கூச்சம் நம்மவரிடம் மிகுதி. கையெழுத்துக் கேட்கும்போது முகம் கோணுபவர் பணம் கேட்கும்போது எப்படி நடப்பார் என்பதை அந்த முகமே சொல்லிவிடும்.

முதலீட்டாளர் வாங்குபவராகவே வருவார் என்று எண்ணுவது மற்றொரு தவறு. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிக் கையளித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம், வெளிநாட்டவருக்கும், பங்குகளில் பாதியோ அதற்குமேலோ வெளிநாட்டவர் கையிலுள்ள கம்பெனிக்கும் பொதுவாகக் காணியை உரித்தாகக் கொடுக்கத் தடைவிதித்து, 99 வருஷத்துக்கு மேற்படாத குத்தகையை அனுமதித்திருக்கிறது. ஆகவே நிலாவெளியில் விடுதி கட்ட வரும் ஐரோப்பியர் குத்தகைக்கு வருகிறார். இரட்டைக் குடியுரிமை பெற்ற நம்மவர் உறுதியே முடிக்கலாம். வேறொருவர் காணியைத் தொடாமல், காணியை வைத்திருக்கும் கம்பெனியின் பங்குகளை வாங்குகிறார். விற்பனை விலையில் நூற்றுக்கு மூன்று என்று மட்டும் பேசிய தரகர் இங்கே எதில் மூன்றைக் கணக்கிடுவார்? முப்பது வருஷக் குத்தகையில் முதல் வருஷ வாடகையிலா, முழுக் காலத்து வாடகையிலா? பங்கு கைமாறியபோது காணி விற்கப்படவில்லையே என்று சொந்தக்காரர் சொன்னால் பதில் என்ன?

குத்தகை பின்னர் விற்பனையாக மாறினால் என்னாகும் என்ற கேள்விக்கும் பழைய பதில் ஒன்று உண்டு. 1903இல் மில்லர் கம்பெனிக்கும் ராட்போர்ட் என்பாருக்கும் இங்கிலாந்தில் நடந்த வழக்கிலே, தரகர் ஒரு வீட்டுக்கு வாடகைக்காரரைக் கொண்டுவந்து அதற்கான கூலியையும் பெற்றுக்கொண்டார். சில காலங்கழித்து அந்த வாடகைக்காரரே வீட்டை விலைக்கு வாங்க, தரகர் விற்பனைக்கும் கூலி கேட்டார். நீர் அவரை அறிமுகப்படுத்தியது மெய், ஆனால் விற்பனையை விளைவித்த காரணம் நீரல்லர் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறிமுகம் வேறு, விளைவித்தல் வேறு என்ற இந்தப் பேதந்தான் நம்மூர்த் தகராறுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றின் உயிர்நிலை. நான் காட்டிய ஆள் ஆறு மாதம் ஒளிந்திருந்து நேரே போய் முடித்துவிட்டான் என்று நீங்கள் சொல்லும்போது, உங்கள் நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த ஆறு மாதத்தில் நீங்கள் ஏதேனும் செய்தீர்களா, கடிதம் எழுதினீர்களா, விலையைப் பேசிச் சரிக்கட்டினீர்களா என்று நீதிபதி கேட்பார். ஆகையால், நான் அறிமுகப்படுத்திய இன்னின்ன பெயருடையவர், அல்லது அவருடைய கம்பெனி, அல்லது அவர் சார்பில் எவராவது, இத்தனை மாதத்துக்குள் இக்காணியில் விற்பனையாகவோ குத்தகையாகவோ பங்காகவோ எவ்வித உரிமை பெற்றாலும் எனக்கு இவ்வளவு என்று ஒரு வாக்கியம் தாளில் இருக்கட்டும். அவ்வாக்கியத்தை எழுதிக் கையெழுத்து வாங்காமல் முதலீட்டாளரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எவரிடமும் சொல்லாதீர்கள்.

ஒரு காணிக்கு நாலு தரகர், ஐந்து தரகர் என்று சங்கிலியாக நிற்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை; நீங்களே நன்கறிவீர்கள். சொந்தக்காரர் ஒருவரோடுதான் பேசியிருப்பார். மற்றவர்கள் அவரிடமிருந்து பங்கு பெறவேண்டியவர்களேயன்றிச் சொந்தக்காரரின் வீட்டு வாசலிற் போய் நிற்பதற்கு உரியவர்களல்லர். உங்களுக்குள் பங்கைப் பற்றிய தாள் தனியாக இருக்கட்டும்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். சொந்தக்காரரிடம் நூற்றுக்கு மூன்று பேசிக்கொண்டு, அவரறியாமல் வாங்குபவரிடமும் ஒரு தொகை வாங்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அதை இரண்டு பக்கமும் உழைத்ததற்கான கூலி என்று சிலர் நியாயங் கூறுகிறார்கள். இருவருக்கும் தெரிந்து, இருவரும் சம்மதித்து வாங்குவதில் குற்றமில்லை; இரகசியமே குற்றம். அதே 1903 ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்ட அன்ட்ரூஸ், ராம்சே வழக்கில், 50 பவுண் தரகுக்கு ஒரு சொத்தை விற்றுக் கொடுத்தவர் வாங்கியவரிடமிருந்தும் 20 பவுண் மறைவாகப் பெற்றார். வெளிப்பட்டபோது அவர் இழந்தது 20 பவுணை மாத்திரமன்று. நேர்மையாகப் பேசிய 50 பவுணையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. விசுவாசத்தை விற்றவருக்குக் கூலி கேட்கும் யோக்கியதையே இல்லை என்பதுதான் அதன் தாற்பரியம். சிங்கப்பூரில் ஒரே தரகர் ஒரே காரியத்தில் இரு தரப்புக்கும் முகவராயிருப்பதையே 2010 ஆம் ஆண்டின் சட்டம் தடுத்துவிட்டது. அவ்வளவு தூரம் போகவேண்டுமென்று நான் சொல்லவில்லை; மறைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

மேல் வைத்து விற்பதும் இதற்கு அடுத்த படிதான். எனக்குப் பேர்ச்சுக்கு இவ்வளவு வந்தாற் போதும், மேலதிகம் உம்முடையது என்று வறுமையிலோ அவசரத்திலோ ஒரு விதவைத் தாயார் சொல்லிவிடுகிறார். நீங்கள் அதற்கு ஒன்றரைப் பங்கு விலைக்கு முடிக்கிறீர்கள். உறுதியிலே எந்த விலையை எழுதுவது? முழு விலையை எழுதினால், தன் கைக்கு வராத பணத்துக்கும் மூலதன ஆதாய வரி கேட்பார்களே என்று அவர் நடுங்குகிறார். குறைத்து எழுதினால் அது அரசாங்கத்துக்குச் செய்யும் வஞ்சனை, நாளைக்கு முதலீட்டாளர் அதே காணியை விற்கும்போது அவர் தலையிலும் விடியும். அந்தத் தாயாருக்குச் சந்தை விலையைச் சொல்லியிருக்க வேண்டியவர் நீங்களல்லவா? காணி விற்றல் வாங்கலில் ஈடுபடும் தரகர், வாடிக்கையாளர் இன்னாரென அறிந்து, சந்தேகத்துக்கிடமான பணத்தைப் பற்றி அறிவிக்கவேண்டிய பொறுப்பு 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தாலும் ஏற்படுகிறது என்பதை ஞாபகப்படுத்துகிறேன். சாக்கில் வரும் பணம் எங்கிருந்து வருகிறதென்று கேட்பது உங்கள் வேலையன்று என்று எவரும் இனிச் சொல்லமுடியாது.

சொந்தக்காரரின் பக்கத்தில் அநீதியே இல்லையென்று நான் எழுதியதாக எவரும் கொள்ளவேண்டாம். வெயிலில் எல்லைக்கல் தேடி நடந்தவரைக் கடைசி நாளில் யாரென்று கேட்பவர்களையும், மூன்று வீதத்தை ஒன்றாக்கி, ஒன்றை ஒரு சேட்டுத் துணியாக்கிக் கொடுத்தனுப்பியவர்களையும் நான் கண்டு வருந்தியிருக்கிறேன். அப்படிப்பட்டவர்மீது வழக்கிடுவதானால் காலத்தைக் கவனியுங்கள்: எழுத்திலுள்ள உடன்படிக்கைக்கு ஆறு வருஷமும், வாய்ப்பேச்சுக்கு மூன்று வருஷமும் 1871 ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. தொகை சிறிதாயின் நீதிமன்றத்துக்கு முன் இணக்க சபைக்குப் போகவேண்டும். அங்கே தீர்த்துக்கொள்வது இரு தரப்புக்கும் செலவு குறைவு.

தரகை ஒழுங்குபடுத்தப் பிற நாடுகளில் சட்டமே உண்டு. இங்கிலாந்தில் 1979 ஆம் ஆண்டின் சட்டப்படி, கூலி எப்போது, எவ்வளவு உரியதாகும் என்பதைத் தரகர் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்காவிட்டால், நீதிமன்றத்தின் உத்தரவின்றி அதை வசூலிக்க இயலாது. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் சட்டம், பதிவுபெற்ற கட்டடத் திட்டங்களை விற்றுக் கொடுக்கும் தரகர்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது. தமிழ்நாட்டிலும் அதற்கான அதிகார சபை இயங்குகிறது. நம்மூரில் எவராவது வந்து விதி செய்யட்டுமென்று காத்திராமல் நாமே செய்துகொள்ளக்கூடிய காரியம் இது.

ஆகவே நான் உங்களை வேண்டிக்கொள்வது ஒன்றே. உங்களில் மூத்தவர்கள், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாக, ஒருமுறை கூடி உட்காருங்கள். காணியின் விபரம், சொந்தக்காரரின் பெயர், அறிமுகப்படுத்தப்படும் முதலீட்டாளரின் பெயர், கூலியின் வீதம், அதைக் கொடுப்பவர், விற்பனை, குத்தகை, பங்கு மாற்றம் ஆகிய ஒவ்வொன்றிலும் கூலி உரியதாகும் தருணம், மறுபக்கத்திலும் பணம் பெறுகிறீர்களா என்ற வெளிப்படையான வாசகம், ஒப்பந்தம் செல்லும் காலம் ஆகிய இவ்வளவும் அடங்கிய ஒரே பக்க மாதிரிப் படிவமொன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, இத்தாளின்றி இம்மாவட்டத்தில் எந்தத் தரகரும் எந்த முதலீட்டாளரையும் எந்த வீட்டு வாசலுக்கும் அழைத்துச் செல்வதில்லை என்று தீர்மானியுங்கள். படிவத்தை வரைந்து தருவதற்கும், சட்டத்துக்கிணங்கத் திருத்திக் கொடுப்பதற்கும் கூலி எதுவும் பெறாமல் நான் ஆயத்தமாயிருக்கிறேன். நாளையும் இடத்தையும் நீங்கள் குறியுங்கள்; வந்து சேர்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் நலன் நாடும்,
ஓய்வுபெற்ற நொத்தாரிசு ஒருவர்,
திருகோணமலை.